ஓடும் கேரவனில் பிரிட்ஜ்: ராமநாதபுரம் கடற்கரைக்கு வருவோர் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலும் கேரவன் வேனில் குடும்பத்தோடு பயணம் செய்வோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. வண்டி ஓடும்போது பிரிட்ஜை எப்படி வைத்திருப்பது என்பதே இதன் மையம். நிறுத்திய பிறகு கவனிக்க வேண்டியவற்றில், ஓட்டத்தோடு தொடர்புள்ளவை மட்டும் சேர்க்கப்பட்டுள்ளன.

வண்டி ஓடும்போது பிரிட்ஜைப் போட்டு வைக்கலாமா?

மின்சாரத்தில் என்றால் வைக்கலாம். கேஸில் என்றால், சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

என் வண்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேரவன்களில் பொதுவாக மூன்று வகை காணப்படுகின்றன. முதலாவது, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் பிரிட்ஜ். கையை வைத்துப் பார்த்தால் மெல்லிய அதிர்வு தெரியும். இரண்டாவது, வீட்டில் வைப்பதைப் போன்ற 230 வோல்ட் பிரிட்ஜை இன்வெர்ட்டரில் இணைத்திருப்பது. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிகளிலும் அவற்றைப் பார்த்துக் கட்டப்பட்ட வண்டிகளிலும் இருக்கும் கேஸ் பிரிட்ஜ். இதில் மோட்டாரோ கம்ப்ரசரோ கிடையாது, சத்தமே வராது. பின்புறம் உள்ள குழாய்களில் தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவை அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அடியில் சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகி மேலே சென்று, குளிர்ந்து திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 1920களில் ஸ்வீடனில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் உருவாக்கிய முறை இது; அடிப்படை இன்றும் மாறவில்லை. அந்தச் சூட்டைக் கேஸ் சுடராலோ, 230 வோல்ட் ஹீட்டராலோ, 12 வோல்ட் ஹீட்டராலோ கொடுக்கலாம் என்பதால் இதை மூன்று வழி பிரிட்ஜ் என்றும் சொல்வார்கள். பக்கச் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் தட்டிகள் இருந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்த வகைதான்.

கேஸில் போட்டுக்கொண்டு ஓட்டுவோர் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, அதில் அப்படி என்ன ஆபத்து?

அப்படி ஓட்டி ஒன்றும் நேராமல் வீடு திரும்பியவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆயினும், ஓடும் வண்டியில் எரியும் சுடர் மூன்று இடங்களில் வினையாகலாம்.

முதல் இடம் பெட்ரோல் பங்க். கேஸ் பிரிட்ஜின் பர்னர் தனக்கு வேண்டிய காற்றைக் கீழ்த் தட்டி வழியாக வெளியிலிருந்து இழுக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே அது தரையை ஒட்டியே பரவும். பங்கில் நிற்கும் வண்டியின் கீழ்த் தட்டியும் தரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. பங்கில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று அறிந்த ஒருவர், அணையாத சுடரைச் சுவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு டீசல் போடச் சொல்வதை என்னவென்று சொல்வது? உங்கள் வண்டி டீசல் வண்டியாக இருந்தாலும் பக்கத்தில் நிற்கும் பைக்குக்குப் பெட்ரோல்தான் போடுகிறார்கள். சுடர் அணைந்திருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது: பல மாதிரிகளில் சுடர் அணைந்ததும் தானாகவே பொறி தட்டி மீண்டும் பற்றவைக்கும் அமைப்பு உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தின் குறுக்குக் காற்றில் சுடர் அணைந்து, பொறி தட்டிக்கொண்டே வண்டி பங்குக்குள் நுழைவது நடக்கக்கூடிய ஒன்றுதான்.

இரண்டாவது இடம் விபத்து. மோதலில் கேஸ் குழாய் அறுந்தால், வால்வு திறந்திருக்கும் சிலிண்டரிலிருந்து கேஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்; பற்றவைக்கச் சுடரும் பக்கத்திலேயே இருக்கும். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில், மோதல் நேர்ந்தவுடன் கேஸைத் தானாக நிறுத்தும் ரெகுலேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதென்று விற்றவர் சொன்னால், எங்கே இருக்கிறதென்று காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கசிவு. வேகத்தடைகளிலும் குழிகளிலும் குலுங்கிக் குலுங்கிக் குழாய் இணைப்புகள் தளர்கின்றன. எல்பிஜியும் காற்றைவிடக் கனமானதுதான். வண்டியின் தரைத்தளத்தில் தேங்கி நிற்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே பிரிட்ஜ் எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனால் மனிதர் உறங்கும் ஒரு பெட்டிக்குள் சிலிண்டரும் நெருப்பும் சேர்ந்தால் வெளியேற எவ்வளவு குறைந்த நேரமே கிடைக்கிறது என்பதை அது காட்டியது.

எங்கள் பிரிட்ஜில் 'ஆட்டோ' என்ற நிலை இருக்கிறது. அதுவே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், ஆனால் கேஸ் வேண்டாம் என்ற உங்கள் முடிவு அதற்குத் தெரியாது. இன்ஜின் நின்று 12 வோல்ட் கிடைக்காமல் போனால், அடுத்ததாகக் கேஸுக்கு மாறுவதுதான் அதன் வேலை. பங்கில் நிற்கும் நேரத்தை எண்ணிச் சில மாதிரிகள் கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகே மாறும். எல்லா மாதிரிகளும் அப்படியல்ல. பயணத்தின்போது ஆட்டோவை விட்டுவிட்டு 12 வோல்ட் நிலையில் நிறுத்துங்கள். சிலிண்டர் வால்வையும் கையால் மூடுங்கள். பலகையில் உள்ள பொத்தானை அணைப்பது மட்டும் போதாது.

கேஸையும் மூடி, மின்சாரமும் இல்லையென்றால் உள்ளே இருப்பது கெட்டுவிடாதா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர்; தேநீருக்கு நிறுத்தினாலும் நான்கு மணி நேரப் பயணம்தான். முன்கூட்டியே நன்றாகக் குளிரவைக்கப்பட்டு, நிறைய அடுக்கப்பட்டு, கதவு திறக்கப்படாமல் இருக்கும் பிரிட்ஜ் ஏறக்குறைய அவ்வளவு நேரம் தாங்கும். கத்திரி வெயிலில் சிறிய பிரிட்ஜ் அதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால், உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை உள்ளே வைத்துவிடுவது நல்லது.

இதில் முக்கியமானது முந்தின இரவு. கேஸ் பிரிட்ஜ் மெதுவாகத்தான் குளிரும். முழுக் குளிருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், சில வேளைகளில் அதைப்போல் இரு மடங்கும் ஆகும். எனவே வீட்டில் நிற்கும்போதே 230 வோல்ட்டில் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களையே காலையில் உள்ளே வைக்க வேண்டும். புளித்துப் பொங்கும் பருவத்தில் உள்ள இட்லி மாவைச் சூடாறாத பாத்திரத்தோடு வைத்தால், குளிரும் போய், உச்சிப்புளி வருவதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்திருக்கும். மாவுக்குப் பாதி காலியான, இறுக்கமான டப்பா வேண்டும்.

12 வோல்ட்டில் போட்டுத்தான் ஓட்டுகிறோம். ஆனாலும் குளிர் போதவில்லை, ஏன்?

பத்தில் எட்டு வண்டிகளில் குறை பிரிட்ஜில் இருக்காது, வயரில் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். கேஸ் பிரிட்ஜின் 12 வோல்ட் ஹீட்டர் 120 முதல் 180 வாட் வரை எடுக்கும். அதாவது 10 முதல் 15 ஆம்பியர். முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து பின்னால் உள்ள பிரிட்ஜுக்கு 6 மீட்டர் என்று கொண்டால், போக வர 12 மீட்டர் வயர். அது 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால், 15 ஆம்பியரில் வயரிலேயே ஏறக்குறைய 1.25 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.8 வோல்ட் போகும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்தான். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 12 வோல்ட்டில் 180 வாட் கொடுக்கும் ஹீட்டர் 10.8 வோல்ட்டில் 146 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வீட்டு லைட்டுக்குப் போடும் வயரை இழுத்துவிட்டு பிரிட்ஜைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கம்ப்ரசர் பிரிட்ஜுக்கு ஓடும்போது 50 வாட்டை ஒட்டிய மின்சாரமே போதும். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் பேட்டரியைக் காப்பதற்காக அது தானாகவே நின்றுவிடும். 'விட்டு விட்டு ஓடுகிறது' என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். இன்ஜின் ஓடும்போது மீட்டரைப் பேட்டரியில் ஒரு முறையும், பிரிட்ஜின் பின்னால் ஒரு முறையும் வைத்துப் பார்த்தால், இடையில் தொலைவது எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். வயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் முனையில் ஃபியூஸ் போட்டால், நடுவழியில் வயர் உரசி எர்த் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது.

2020க்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பலவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதன்மை பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்வதால், பின்னால் உள்ள இரண்டாவது பேட்டரி நிறைவதே இல்லை. அதற்கு, குறைந்த வோல்டேஜை உயர்த்தி இரண்டாவது பேட்டரியை நிறைக்கும் டிசி–டிசி சார்ஜர் பொருத்துவதே சரியான வழி.

ராமநாதசுவாமி கோயிலுக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி இறங்கி, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்?

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, வரிசையில் நின்று தரிசனம் முடித்து வர அரை நாள் ஆகும் ஊரில், கேஸ் பிரிட்ஜை 12 வோல்ட்டிலேயே விட்டுச் சென்றால் இப்படித்தான் ஆகும். 15 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியின் பாதியை மூன்றரை மணி நேரத்துக்குள் குடித்துவிடும். பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அந்த வகை பேட்டரியின் ஆயுளும் குறையும். சாவியை அணைத்தால் 12 வோல்ட்டும் துண்டிக்கப்படும்படி ஒரு ரிலே (தானியங்கி சுவிட்ச்) போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். பிரிட்ஜுக்கான பேட்டரியும் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியும் தனித்தனியாக இருப்பது அதைவிட நல்லது.

கம்ப்ரசர் பிரிட்ஜ் என்றால் கூரையில் ஒரு சோலார் பலகை போட்டுவிடுங்கள். 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைக் கமுதியில் வைத்திருக்கும் மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. 200 வாட் பலகை ஒரு நல்ல நாளில் இழப்புகள் போக 700 வாட்-ஹவர் அளவுக்குக் கொடுத்தால், சிறிய பிரிட்ஜின் ஒரு நாள் தேவை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பலகையின் மேல் படியும் உப்புப் படலத்தை மட்டும் நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

வீட்டு பிரிட்ஜையே இன்வெர்ட்டரில் போட்டுக்கொள்ளலாமா?

ஓடும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்சாரம் கேட்கும் என்பதால், இன்வெர்ட்டர் பெரியதாகவும் வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலையைத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாகவும் இருக்க வேண்டும். வீட்டு பிரிட்ஜ் குலுங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கதவைக் காந்தம்தான் பிடித்திருக்கிறது. பெட்டியைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, கதவுக்கு வெளியே ஒரு கொக்கி போடாவிட்டால், முதல் வேகத்தடையிலேயே தயிர் தரையில் இருக்கும். இன்று வரும் வீட்டு பிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டுவதற்காக ஆர் 600ஏ என்ற எரியக்கூடிய வாயு சிறிதளவு உண்டு. பின்புறக் குழாய் எதிலும் உரசாதபடி இடைவெளி விட வேண்டும்.

இந்தப் பக்கத்து வெயிலைக் கேஸ் பிரிட்ஜ் தாங்குமா?

பிரிட்ஜின் உள்பக்க ஒட்டுச்சீட்டில் அதன் தட்பவெப்ப வகுப்பு ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 'என்' என்றால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை. குளிர்நாட்டு வண்டியில் வந்த 'என்' வகுப்பு பிரிட்ஜ் சித்திரை மாதத்து ராமநாதபுரத்தில் திணறுவது அதன் குற்றமல்ல. மேல்த் தட்டிக்கு உள்ளே ஒரு சிறிய 12 வோல்ட் விசிறியைப் பொருத்தினால் வெப்பக்காற்று வெளியேறி நிலைமை தெளிவாகவே தேறும். புதிதாக வண்டி கட்டுவோருக்கு எங்கள் பரிந்துரை, இந்தக் கரைக்குக் கம்ப்ரசர் பிரிட்ஜ்தான். கேஸ் பிரிட்ஜின் அமைதிக்காக இத்தனை கவலைகளை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நிறுத்தும்போது திசையையும் பாருங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான். தட்டி உள்ள பக்கம் வடக்கையோ கிழக்கையோ பார்க்கும்படி நிறுத்தினால், வெயிலும் படாது, சுடரும் அணையாது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உப்புக் காற்றால் பிரிட்ஜுக்குக் கெடுதி உண்டா?

நிறைய உண்டு. தனுஷ்கோடிச் சாலையில் இரு பக்கமும் கடல். காற்று பலமாக வீசும் நாளில் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும். அதே உப்பு தட்டி வழியாகப் பின்புறமும் போகிறது. புகைக்குழாயின் துரு செதில் செதிலாக உதிர்ந்து பர்னர் மேல் விழுந்தால், நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகிக் கரி கட்டும். அப்படி எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது என்பதால், படுக்கும் இடத்தில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம். பல வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பர்னருக்குக் கேஸ் வரும் ஜெட்டின் துளை ஊசி முனை அளவே என்பதால் ஒரு துளி மண் போதும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதுங்கள்.

மின்சாரப் பக்கத்தில் வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், முனைகளில் வாசலினும் போதும். பச்சை பூத்த முனை சூடேறும்; ஓடும் வண்டியில் மின் தீ தொடங்குவது பல நேரம் அங்கேதான்.

பிரிட்ஜ் சமமாக இருக்க வேண்டும் என்கிறார்களே?

கேஸ் பிரிட்ஜுக்கு மட்டும், அதுவும் வண்டி நிற்கும்போது. உள்ளே இருக்கும் திரவம் தானாக வழிந்து திரும்ப வேண்டும். சாய்வில் நின்றால் தேங்கி, கொதிகலம் (அடியில் சூடேற்றப்படும் பகுதி) அளவுக்கு மீறிச் சூடேறிக் காலப்போக்கில் குழாய் கெடும். ஓடும்போது வண்டி இப்படியும் அப்படியும் ஆடுவதால் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். மணலில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கி நின்றால், ரசமட்டத்தை வைத்துப் பார்த்துச் சரிசெய்யும் வரை பிரிட்ஜை அணைத்து வையுங்கள்.

பாம்பனில் வாங்கிய மீனை அப்படியே பிரிட்ஜில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். வண்டி பிரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்ததைக் காத்து வைக்கும். 30 டிகிரியில் உள்ள இரண்டு கிலோ மீனை விரைவாகக் குளிரவைக்கும் வலு அதற்கில்லை. மீனும் குளிராது, பக்கத்தில் உள்ள பாலும் கெடும். குறிப்பாகச் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகிறது. அது குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அழியாது; சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். மீனில் வாடையே இல்லாமலும் இது நேரலாம்.

தனியாக ஐஸ் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீனும் உடைத்த ஐஸும் சம எடையில், ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன் என்று போட்டு, உருகிய தண்ணீர் வடிய வழி விடுங்கள். படகுக்காகச் செய்யும் ஐஸைச் சர்பத்தில் போட்டுக் குடிக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் வந்தாலும் வெளியூரிலிருந்து வந்த மீனும் கலந்திருக்கும் என்பதால், எப்போது ஐஸில் வைத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இன்சுலின் வைக்கலாமா?

வைக்கலாம். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவே கூடாது. குளிர்த் தகட்டை ஒட்டாமல் நடுத்தட்டில், ஒரு தெர்மாமீட்டர் பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள். மற்ற உணவுக்கு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே போதும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது காரமான அம்மோனியா நெடி வந்தால்?

ஓரமாக நிறுத்துங்கள், எல்லோரையும் காற்று வரும் திசைப் பக்கமாக இறக்குங்கள். வெளியிலிருந்தே கேஸையும் மின்சாரத்தையும் துண்டியுங்கள். அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். கூடவே கசியும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பிடிக்கும். குழாயின் மேல் மஞ்சள் பொடி படிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே சேர்க்கப்படும் குரோமேட் என்ற நச்சு உப்பு அது. 2006இல் அமெரிக்காவில், கொதிகலக் குழாயில் வெடிப்பு விட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பதற்காக ஒரே நிறுவனத்தின் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கேஸ் பிரிட்ஜ்கள் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. கசிந்த பிரிட்ஜை அடைத்து ஓட்டப் பார்க்காமல் குளிர்ப் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும்.

வீட்டுச் சிலிண்டரை வண்டியில் பயன்படுத்தலாமா?

14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே என்பது சட்டம். வெளிச் சந்தையில் விற்கும் 5 கிலோ சிலிண்டரை முறையாக வாங்கி, வண்டியின் உட்புறத்தோடு தொடர்பில்லாத, அடியில் காற்றுத் துளை உள்ள தனி அறையில், நிமிர்த்திக் கட்டி வையுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள். கசிவைச் சோப்பு நுரையால் சோதியுங்கள்.

வாடகைக்குக் கேரவன் எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

பிரிட்ஜ் எந்த வகை, கேஸ் வகையென்றால் சிலிண்டர் வால்வு எங்கே இருக்கிறது, சாவியை அணைத்தால் 12 வோல்ட் துண்டிக்கப்படுமா, தீயணைப்பான் எங்கே, அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்பவற்றைக் கேட்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தின இரவே பிரிட்ஜைப் போட்டுக் குளிரவைத்துத் தரச் சொல்லுங்கள். காலையில் கதவைத் திறந்து கையை விட்டால், சொன்னதைச் செய்தார்களா என்று தெரிந்துவிடும். ஓட்டுநர் அவர்களுடையவராக இருந்தால், பங்குக்குத் திரும்பும் முன் கேஸை மூட வேண்டும் என்பதை உரிமையாளர் முன்னிலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.